பதினொன்றே காலும் இரண்டு நாற்பதும்

அந்த ஆண்டு இலக்கியப் பேரவையின் பரிசுக்கு எண்பத்தொரு நூல்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள். மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்பு அலமாரி போதாமல் மேசைக்கு அடியிலும் சன்னல் திட்டிலும் அடுக்கிவைத்தார்கள். கடைசியில் நடுவர் குழுத் தலைவரின் நாற்காலியிலேயே ஒரு கட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது.

"என் எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டீங்களா?" என்று தலைவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எழுதினவங்கள்ல ஒருத்தராவது அதுல உக்காரட்டுமே சார்" என்றாள் மினிட்ஸம்மா.

அது அவளுடைய பெயரல்ல. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மினிட்ஸம்மாதான். கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவது அவள் வேலை. மற்ற அலுவலகங்களில் முடிவை மட்டும் எழுதுவார்கள். இவள் பேச்சையும் எழுதுவாள், பேசிய நேரத்தையும் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பாள். "மினிட்ஸ்னா நிமிஷம்தானே, அதான் நிமிஷத்தையும் சேர்த்து எழுதறேன்" என்பாள், கேட்பவர்களிடம்.

ஆண்டு முடியும்போது இன்னொரு வேலையும் உண்டு. அந்த ஆண்டின் குறிப்பிடத்தக்க நூல்கள், யார் யாருக்கு என்னென்ன பரிசு, மறைந்த எழுத்தாளர்கள் என்று இருபது பக்கத்தில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு எல்லா நூலையும் படிக்க வேண்டிய அவசியமில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதினாலே போதும். ஆனாலும் அவள் எண்பத்தொன்றையும் படித்தாள். கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர், "ஊர்ல எல்லாருக்கும் நான் கண்ணாடி விக்கறேன். அதைப் போட்டுப் படிக்கறது என்னவோ நீ ஒருத்திதான்" என்று அலுத்துக்கொண்டார்.

எண்பத்தொன்றில் பதினான்கு நூல்கள் முந்தின ஆண்டு வெள்ளத்தைப் பற்றியவை. வீட்டுக்குள் புகுந்ததுபோலவே அது எல்லோருடைய பேனாவுக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. ஒன்பது தன்வரலாறுகள். அவற்றில் ஏழு ஓய்வுபெற்ற அதிகாரிகளுடையவை. ஏழு பேரும் தம் ஆயுளில் ஒரு தப்புகூடச் செய்ததாகத் தெரியவில்லை. எறும்புகளைப் பற்றி மட்டுமே எழுதிய ஒரு கவிதைத் தொகுப்பு நன்றாக இருந்தது. இனி எழுதப்போவதில்லை என்று சென்ற ஆண்டு மேடையில் கண்கலங்கிய மூத்த எழுத்தாளர், இந்த ஆண்டு இரண்டு நாவல்களை அனுப்பியிருந்தார். அவர் விடைபெற்றதாக நம்பி எழுதிவைத்திருந்த வாழ்த்துரையை அவள் கிழித்துப் போட்டாள்.

கடைசிச் சுற்றில் இரண்டு நூல்கள் நின்றன.

ஒன்று 'மூன்றாவது வால்வு' என்ற நாவல். எழுதியவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு, இது முதல் நூல். தெருத்தெருவாகப் போய், நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகி, இந்தத் தெருவுக்கு ஒரு மணி நேரம், அந்தத் தெருவுக்கு முக்கால் மணி நேரம் என்று தண்ணீர் விடுகிற ஒருவனின் கதை. வறட்சிக் காலத்தில் ஒரு நாள், மேலதிகாரி சொன்னார் என்பதற்காக, இருபது நிமிடம் விட்ட தண்ணீரை ஒரு மணி நேரம் விட்டதாக அவன் பதிவேட்டில் எழுதிவிடுகிறான். தண்ணீர் கிடைக்காத தெருக்காரர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத் தண்ணீர் எங்கே போயிற்று? முதல் வீட்டுக்காரர்தான் மோட்டார் வைத்து உறிஞ்சியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி அவரை அடித்துத் துவைத்துவிடுகிறார்கள். அவர் மனைவி மக்களோடு ஊரைவிட்டே போகிறார். வால்வுக்காரன் தன் மீதி வாழ்நாள் முழுக்க அவரைத் தேடுகிறான். கிடைப்பதில்லை.

மற்றது 'பத்திலிருந்து ஒன்றுக்கு' என்ற சிறுகதைத் தொகுப்பு. அறுவைச் சிகிச்சை அறையில் மயக்க மருந்து கொடுக்கும்போது உடனிருக்கும் ஒரு செவிலி எழுதியது. மயங்கும் முன் நோயாளிகளைப் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொல்வார்களாம். பெரும்பாலானவர்கள் ஏழோடு நின்றுவிடுவார்கள். அந்த மூன்று எண்களுக்கு நடுவில் அவர்கள் உளறுவதிலிருந்து பிறந்த கதைகள்.

நடுவர்கள் மூன்று பேர். தலைவராகப் பேராசிரியர் ஒருவர். தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம்கூடத் தொடங்கமாட்டார். அடுத்து, பெண் கவிஞர் ஒருவர். மூன்றாமவர் விமர்சகர். ஊரில் அவரிடம் நல்ல பேர் வாங்கிய எழுத்தாளர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்பார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் கூடினார்கள். பேராசிரியர் நாவலின் பக்கம் நின்றார். "இதுல ஒரு வரிகூட அழகுக்காக எழுதல. எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் திறந்துவிட்டிருக்காரு" என்றார். கவிஞர் செவிலியின் கதைகளுக்காக வாதாடினார். விமர்சகருக்கு நாவல் பிடித்திருந்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை.

"ஒரே ஒரு தப்பான நேரத்தை எழுதினதுக்காக ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க இப்படி வேகறான்ங்கறது நம்பற மாதிரி இல்லையே" என்றார். "அவனவன் எவ்வளவோ பண்ணிட்டு நிம்மதியாத் தூங்கறான்."

மினிட்ஸம்மா அதை எழுதி, ஓரத்தில் 12.05 என்று குறித்தாள். அவளுக்குப் பிடித்தது அந்த நாவல்தான். இரண்டு முறை படித்திருந்தாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

ஒரு மணிக்குச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்ததும் கவிஞர் நாவலை எடுத்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். முதல் வீட்டுக்காரரின் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது, காலிக் குடங்களை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிற இடம். வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. படித்து முடித்ததும் கவிஞர் நூலை மூடினார்.

"நான் மாறிக்கறேன்" என்றார். "அந்தப் பொண்ணு இன்னும் பத்துப் புத்தகம் எழுதுவா. இது ஒரு தடவைதான் வரும்."

விமர்சகரும் தலையாட்டினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மினிட்ஸம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 2.40 என்று எழுதினாள். பிறகு பக்கத்து அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

ஆண்டு முழுக்க அவள் செய்யும் வேலைகளில் அவளுக்குப் பிடித்தது இது ஒன்றுதான். செய்தியைக் கேட்டதும் ஒருவர் தொலைபேசியைக் கீழே போட்டிருக்கிறார். ஒருவர் நன்றிகூடச் சொல்லாமல், "ரெண்டாவது யாரு வந்தா?" என்று கேட்டிருக்கிறார். வால்வுக்காரர் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டே எண்களை அழுத்தினாள்.

ஒரு பெண் எடுத்தார். பின்னால் பலபேர் பேசும் இரைச்சல் கேட்டது.

"சார் இருக்காங்களா? அவங்ககிட்டப் பேசணும்."

"நான் அவர் வீட்டுக்காரம்மா. அவர் போயிட்டாரும்மா. காலைல பதினொன்னே காலுக்கு."

எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தவள், அந்த இரைச்சலின் பொருள் புரிந்து நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு மாசமாவே முடியாமத்தான் இருந்தாரு. நீங்க யாரும்மா? எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அவர் புத்தகத்தைப் படிச்சேன். அதைச் சொல்லலாம்னு..."

"படிச்சீங்களா? முழுசாவா?"

"முழுசா. ரெண்டு தடவை."

"நேத்திக்குக் கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றார் அந்த அம்மா. பிறகு யாரோ அழைக்க, வைத்துவிட்டார்.

அவள் அறைக்குத் திரும்பியபோது மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "என்ன, மனுஷன் அழுதுட்டாரா?" என்றார் பேராசிரியர். அவள் சொன்னாள். பேராசிரியர்தான் முதலில் விதிப் புத்தகத்தை எடுத்தார். ஏழாவது விதி எல்லோருக்கும் மனப்பாடம் என்றாலும் ஒருமுறை படித்துப் பார்த்தார். நடுவர்கள் கையெழுத்திடும் வேளையில் நூலாசிரியர் உயிரோடு இருக்க வேண்டும். பேரவையைத் தொடங்கியவர் பிடிவாதமாக எழுதிவைத்த விதி அது. செத்தவர்களுக்கு மாலை போட ஊரே வரும், உயிரோடு இருப்பவர்களுக்குப் போடவே நாம் என்று சொல்வாராம்.

"மூணரை மணி நேரம்" என்றார் கவிஞர். "வெறும் மூணரை மணி நேரம்."

பேராசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தொண்டையைச் செருமினார். "பத்து மணிக்கு உக்காந்தோம். பத்தே முக்காலுக்கு ஒருமனதா முடிவாச்சு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் பொதுவாப் பேசிட்டு இருந்தோம். அப்படி எழுதிடுங்க. நம்ம நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் ஒத்துக்கறேன்" என்றார் கவிஞர் உடனே. "நான் சொன்ன புத்தகம் இப்படி ஜெயிக்க வேணாம்."

விமர்சகர் எதுவும் சொல்லாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரின் பார்வையும் அவள் கைப்பேனாவின்மேல் வந்து நின்றது. இதுவே வேறு நூலாக இருந்திருந்தால் முடியாது என்று நறுக்கென்று சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்கே ஆசையாக இருந்தது. ஒரு பக்கத்தைத் திரும்ப எழுதினால் போதும். யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தச் செவிலிக்கும் தான் எதை இழந்தோம் என்று தெரியவே தெரியாது. அவள் புத்தகத்தை மூடினாள்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் நேரம் குடுங்க சார்."

அன்று மாலை ஐந்து மணிக்கு, விண்ணப்பத்தில் இருந்த முகவரியைத் தேடி அவள் போனாள். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்த குறுகிய தெரு. அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. வாடகை நாற்காலிகளை ஓர் ஆள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்னறையில் அந்த அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க மகள். மினிட்ஸம்மா தன்னை ஒரு வாசகி என்று மட்டும் சொல்லிவிட்டுத் துக்கம் விசாரிப்பதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் மகள் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பேரவையில இருக்கறவங்கதானே? நான்தான் அப்பாவோட புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்தேன். ஒரு படியோட அட்டை மடங்கியிருக்குன்னு நீங்க மாத்திக் கேட்டீங்க."

"ஆமா" என்றாள்.

"மதியம் அம்மாகிட்டப் பேசினது நீங்களா?" மகளின் முகம் மாறியது. "அப்பாவுக்குக் கெடைச்சிருக்கா?"

அதற்குமேல் மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னாள். ஏழாவது விதியை, மூவரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததை, பேராசிரியர் சொன்ன யோசனையை, எல்லாவற்றையும்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டாங்க?"

"ரெண்டு நாப்பது."

"நடுவுல சாப்பிடப் போனீங்களா?"

"போனோம். ஒரு மணி நேரம்."

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். "அப்படிப் பாத்தாலும் தாண்டிடுதே" என்றார்.

"அவங்களே பத்தே முக்கால்னு போட்டுக்கறோம்கறாங்க. நீ ஏன்மா கணக்குப் பாக்கற?" என்றாள் மகள். "அப்பாதானே ஜெயிச்சாரு? அதுல பொய் எங்க இருக்கு? நேரத்துல மட்டும்தானே?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை. மினிட்ஸம்மாவைப் பார்த்து, "அந்த மொத வீட்டுக்காரர் கதைன்னு நெனச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

"கதை இல்லையா?"

"இங்கேருந்து ரெண்டு தெரு தள்ளி இருந்தாரு. தையக்காரர். எங்க கல்யாணத்துக்கு இவருக்குச் சட்டை தைச்சவரே அவர்தான். மூணு பல்லு போச்சு அன்னிக்கு. இவர் பதிவேட்டுல எழுதின நேரத்தை வெச்சுத்தான் அடிச்சாங்க. மேல இருக்கறவங்க எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன், எழுதிட்டேன்னு ஒரு வாரம் சோறு இறங்கல இவருக்கு. உண்மையப் போய்ச் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்னு நான்தான் தடுத்தேன். இவ கைக்குழந்தை அப்ப." மகளைக் காட்டினார். "தையக்காரர் போன பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் சரி, தையக்கடையைக் கண்டா நின்னுடுவாரு. எட்டி எட்டி உள்ள பாப்பாரு. நாங்க பாட்டுக்கு முன்னால நடந்து போயிடுவோம், திரும்பிப் பாத்தா ஆள் இருக்கமாட்டாரு. அப்புறம்தான் எழுத உக்காந்தாரு. என்னைக்காவது அந்த ஆள் கைல புத்தகம் கெடைக்கும்னு."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். பதினோரு ஆண்டுகள் அந்தக் கையெழுத்துப்படியைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். அவளுக்கும் அது கதையாகத்தான் இருந்திருக்கிறது.

"அவர் பேருக்கு இன்னொரு பொய் நேரம் வேணாம்மா" என்றார் அம்மா. "நடந்ததை எழுதிடுங்க."

"உனக்கென்ன, நீ அதைப் படிக்கக்கூட இல்ல!" மகளின் குரல் உடைந்தது. "ஒவ்வொரு வரியும் நான் அடிச்சேன். அஞ்சு தடவை திருப்பி அடிச்சேன். எனக்கு வேணும்மா இந்தப் பரிசு."

"எனக்கும் வேணும்டி" என்றார் அம்மா. அப்போதுதான் அவர் அழுதார்.

வாசல்வரை மகள் கூட வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மினிட்ஸம்மாவிடம் தாழ்ந்த குரலில், "எழுதறது நீங்கதானே? அம்மா சொல்றதைக் கேக்கணும்னு இல்ல. நீங்க மனசு வெச்சா முடியும்" என்றாள்.

பேருந்தில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தன் மனம் தெரிந்தது. துக்கம் கேட்கப் போனதாகச் சொல்லிக்கொண்டாலும், பத்தே முக்கால்னே எழுதிடுங்க என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறாள். ஒருத்தி சொல்லவும் சொல்லிவிட்டாள். வீட்டில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு என்ன தோணுதுன்னு சொன்னா, நாளைக்கு என்மேல பழி போடுவ. நீயே யோசி" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனார்.

மறுநாள் மூவருக்கும் முன்னால் வந்து அவள் எழுதி முடித்திருந்தாள். பேராசிரியர் நின்றபடியே படித்தார். மூன்று நடுவர்களும் பகல் 2.40-க்கு 'மூன்றாவது வால்வு' நாவலை ஒருமனதாகத் தேர்ந்து கையெழுத்திட்டனர். நூலாசிரியர் அன்று காலை 11.15-க்கு இறந்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஏழாவது விதியின்படி முடிவு செல்லாது.

"நீங்க மினிட்ஸ் எழுதறவங்க. தீர்ப்பு எழுதறவங்க இல்ல" என்றார். கோபத்தில் தொண்டையைச் செருமக்கூட மறந்துவிட்டார்.

"தீர்ப்பு எழுதலையே சார். நேரத்தைத்தான் எழுதினேன்."

"அந்த மனுஷனுக்கு நீங்க துரோகம் பண்றீங்க."

அப்படியும் இருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் அந்த அம்மா சொன்ன தையல்காரரைப் பற்றி அவர்களிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் விமர்சகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து நான் ஒன்னு சொன்னேன்ல, நம்பற மாதிரி இல்லைன்னு. அதை அடிச்சிடுங்க."

"சொன்னதை அடிக்க முடியாது சார். புதுசா ஏதாவது சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நேத்து நான் அந்த நாவலைச் சரியாப் படிக்கல. அப்புறம் பொய் எழுதலாம்னு சொன்னப்ப நான் வாய மூடிட்டு இருந்தேன். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டாள். பிறகு மூவரும் 'பத்திலிருந்து ஒன்றுக்கு' நூலைத் தேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பேராசிரியர் கடைசியாகப் போட்டுவிட்டு, பேனாவை அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செவிலி மருத்துவமனையில் இருந்தாள். யாரோ கூப்பிட்டு, ஓடிவந்து பேசினாள். மூச்சு வாங்கியது. மினிட்ஸம்மா பரிசுச் செய்தியைச் சொல்லிவிட்டு, "இன்னொன்னும் சொல்லணும்மா" என்று நடந்ததையும் சொன்னாள். எப்படியும் அறிக்கையில் வரப்போகிறது, அடுத்தவர் வாயால் தெரிவதைவிட இது மேல்.

எதிர்முனையில் தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருளும் ஓசை கேட்டுக் கடந்து போனது.

"எனக்கு வேணாம்னு சொல்லணும்னு தோணுது" என்றாள் செவிலி. "ஆனா மனசு வரல. சந்தோஷமா இருக்கு. தப்பா மேடம்?"

"தப்பில்லம்மா."

"அவர் வீட்டுக்கு நான் போகலாமா?"

"இப்ப வேணாம். அவர் புத்தகத்தைப் படிங்க மொதல்ல."

பரிசு விழாவில் செவிலி வெளிறிய பச்சைப் புடவையில் வந்தாள். இரண்டே நிமிடம் பேசினாள். தன் கதைகளைப் பற்றி ஒரு நிமிடம், தான் படிக்கத் தொடங்கியிருக்கிற ஒரு நாவலைப் பற்றி ஒரு நிமிடம். முன்வரிசையில் பேராசிரியர் கைதட்டினார். மினிட்ஸம்மாவோடு மட்டும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆண்டறிக்கையை எழுதும்போது அவள் குறிப்பிடத்தக்க நூல்களில் 'மூன்றாவது வால்வு' நாவலை முதலில் வைத்தாள். அந்த ஆண்டு மறைந்த எழுத்தாளர்கள் ஆறு பேர். ஐந்து பேருக்கும் பட்டங்கள், முன்பு வாங்கிய பரிசுகள் எல்லாம் ஆளுக்கு அரைப்பக்கம் வந்தன. ஆறாவதாக வால்வுக்காரர். அவருக்குக் கீழே, மினிட்ஸில் இருந்த அந்த வாக்கியங்களை அப்படியே எடுத்து எழுதினாள். அறிக்கை ஒப்புதலுக்காகப் பேராசிரியரிடம் போனது. சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்து வருமென்றுதான் எதிர்பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தப்பட்டு வந்தது.

அறிக்கையை ஒரு நாளிதழ் எடுத்துப் போட்டது. பதிப்பாளரிடம் ஆறு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த கட்டுகள் மூன்று வாரத்தில் தீர்ந்து, நாவல் மறுபடி அச்சுக்குப் போனது. அந்தத் தையல்காரரிடமிருந்தோ அவர் வீட்டாரிடமிருந்தோ எந்தக் கடிதமும் வரவில்லை. வருமென்று பதிப்பாளர் நம்பினார். மினிட்ஸம்மா அவ்வளவாக நம்பவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"நான் உங்கமேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன். மொதல்லயே சொல்லிடறேன்" என்றாள்.

"இருக்கட்டும்மா."

"அம்மாகிட்ட ஒரு மாசம் பேசல. இப்பப் பேசறோம். காய் வாங்கியாச்சா, கதவு பூட்டியாச்சா, அந்த மாதிரி." கைப்பையின் பிடியைத் திருகினாள். "அம்மாதான் அனுப்பினாங்க. அன்னிக்கு அந்த மூணு பேரும் உள்ள உக்காந்து என்னதான் பேசினாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அப்பாவோட புத்தகத்தைப் பத்தி அவ்வளவு நேரம் யாரும் பேசினதில்லையாம். அதைக் காது குளிரக் கேக்கணுமாம்."

மினிட்ஸ் பக்கங்களைப் பிரதி எடுத்துத் தருவதற்கு விதியில் இடமில்லை. பார்த்து எழுதிக்கொள்ளலாம். மினிட்ஸம்மா புத்தகத்தை எடுத்துவந்து அந்த வியாழக்கிழமையைத் திறந்தாள். பேச்சு வேகத்தில் கிறுக்கிய தன் கையெழுத்து மற்றவர்களுக்குப் புரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் படிக்கறேன், நீங்க எழுதிக்குங்க. நல்லதும் இருக்கும், நல்லா இல்லாததும் இருக்கும்."

"எல்லாத்தையும் படிங்க" என்றாள் மகள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, பேனாவைத் திறந்தாள். "ஆனா மெதுவா. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது."